நான் வெட்டிய கைகுலுக்கல்

எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் நான் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அப்புறம்தான் முன்பக்கம், அதுவும் அடியிலிருந்து மேலே. கல்யாணப் பத்திரிகை என்றாலும் அப்படித்தான். எங்கள் அச்சகத்தில் கம்பியூட்டரில் வடிவமைக்கும் கீதா இதை வைத்தே என்னைக் கேலி செய்வாள். "அண்ணே, பின்னால வெறும் வெள்ளை லா. பேயா ஒளிஞ்சிருக்கு?"

போன தேர்தலில் அவள் ஒரு சுவரொட்டியை, அடியில் அச்சகத்தின் பேரும் விலாசமும் இல்லாமலே, அச்சுத் தட்டு போட அனுப்பிவிட்டாள். நான் கத்திய கத்தலில் மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒரு வரிக்கு ஏண்ணே இவ்வளவு கோபம்?" அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது தட்டுப் பகுதியையே மூடிவிட்டார்கள், என்னையும் ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். நேரம் இருக்கிறது. கீதாவுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவன் நான்தான் முதல் ஆள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சம்பளப் புத்தகத்தில் பெருவிரலை வைத்தே காலத்தை ஓட்டினார். நான் ஐந்தாம் படிவம் தேறியதும், அச்சிட்ட தாளோடு சம்பந்தப்பட்ட எந்த வேலையும் கௌரவம் என்று நினைத்து, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் சேர்ந்தேன். படம் பிடித்து நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து உலோகத் தட்டு செய்யும் இருட்டறை வேலை. முதல் ஐந்து வருஷத்தில் கற்றதெல்லாம் ஒரு வரியில் அடங்கும்: அவசரப்பட்டால் படம் கெடும்.

வியட்நாம் சண்டையை நான் பேப்பரில் படித்ததைவிட வேலைச் சீட்டில் பார்த்ததுதான் அதிகம். விடுமுறைக்கு வரும் அமெரிக்கச் சிப்பாய்களுக்காக பார்களும் ஹோட்டல்களும் அச்சடித்த விலைப்பட்டியல்கள் மாதாமாதம் வரும். ஒரு கட்டத்தில் அவை குறைந்தன, பிறகு நின்றன. அவ்வளவுதான், சண்டையில் யார் ஜெயிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து ஆஸ்திரேலியாக்காரனின் ஜெட் தலைக்கு மேல் போனால் எங்கள் பெரிய கேமராவின் கண்ணாடி அதிரும். அது கடலைத் தாண்டிப் போகும்வரை நான் லென்ஸைத் திறக்க மாட்டேன். திறந்தால் முகம் இரட்டையாக விழும்.

எங்கள் மேனேஜர் மிஸ்டர் தில்லையம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, சட்டைக் கையில் மை படாமலிருக்க முழங்கைவரை கறுப்பு உறை. பிழை திருத்த உட்கார்ந்தால் இரும்பு அளவுகோலைத் தாளின் அடியில் வைத்து, ஒரு வரி ஒரு வரியாக மேலே நகர்த்துவார். அச்சிட்டவர் பேர், விலாசம்: அதுதான் அவர் வாசிக்கும் முதல் வரி. "இந்த வரி இல்லாட்டி தாளுக்குத் தகப்பன் இல்லை, தம்பி. போலீஸ்காரன் கேட்டால் ஆர் முன்னுக்கு நிற்கிறது?" என்பார். அதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்புவார். கெட்டுப்போன தாளின் வெற்றுப் பக்கத்தில் வேறு வேலையை அச்சிடும் கெட்ட பழக்கம் அப்போது பல அச்சகங்களில் இருந்தது. பின்னால் என்ன ஒட்டிக்கொண்டு வெளியே போகிறது என்று பார்க்காமல் அவர் எதையும் விடமாட்டார்.

தேர்தல் வேலைக்கு அவர் தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தார். மெஷினைச் சரிப்படுத்தும்போது மை பரவாமலும் வண்ணம் விலகியும் சேதமாகும் தாள்களில் ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது. பின்கட்டில் எண்ணெய் டிரம்மில் போட்டு எரிக்க வேண்டும். மற்ற வேலைகளின் சேதத் தாளை யாரும் கொண்டுபோகலாம்.

கொண்டுபோகிறவர் பெரும்பாலும் மாரிமுத்து அண்ணன்தான். கடலை வியாபாரி. தலையில் மரத்தட்டு, அதில் அவித்ததும் வறுத்ததும் பொரித்ததுமாகக் கடலை வகைகள். இங்கே எல்லா இனத்துக்காரர்களும் கச்சாங் பூத்தே என்றுதான் கேட்பார்கள். மாலையில் எஸ்பிளனேடு கடற்கரையில் நிற்பார். தாளைக் கூம்பாகச் சுருட்டி, கடலையை நிரப்பி, மேல்மடிப்பை ஒரு தட்டு தட்டிக் கொடுப்பார். சின்ன வயதில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர், கையில் சிவப்பு ஐ.சி. என்ற அடையாள அட்டை. இங்கே வாழலாம், வேலை செய்யலாம். குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை. குடிமக்கள் வைத்திருக்கும் நீல ஐ.சி.க்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். வாரம் ஒரு முறை தாள் எடுக்க வரும்போது, தபால்காரனே நான்தான் என்பதுபோலக் கேட்பார்: "தம்பி, ஏதாச்சும் வந்துச்சா?"

எழுபத்து நாலாம் வருஷ நடுவில் நம் பிரதமர் பீக்கிங் போய் வந்தார். இந்த வட்டாரத்தில் கம்யூனிஸ்ட்களை எதிர்த்த நாடுகளில், சீனாவோடு உறவு வைத்துக்கொண்டது அப்போது வேறு இல்லை. அமெரிக்கன் வீட்டுக்குப் போகிறான், வெள்ளைக்காரன் ஏற்கெனவே போய்விட்டான், நாளைக்கு யார் இங்கே பெரிய ஆள் என்று ஊரெல்லாம் பேச்சு. தாய்லாந்து எல்லைக் காட்டில் நம் ஊர்க் கம்யூனிஸ்ட்கள் இன்னும் துப்பாக்கியோடுதான் இருந்தார்கள். மூன்று மாதம் கழித்துத் தேர்தல். எங்களுக்கு ஒரு சுவரொட்டி வேலை வந்தது. படத்தில் வலப்பக்கம் நம் பிரதமர், இடப்பக்கம் பீக்கிங் தலைவர், இருவரும் கைகுலுக்குகிறார்கள். சீன ஓட்டு விழ வேண்டுமென்றால் ஆயிரம் வார்த்தை வேண்டாம், இந்த ஒரு படம் போதும் என்று வேலை கொண்டுவந்தவர் சொன்னார்.

மிஸ்டர் தில்லையம்பலம் படத்தை மேசைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் தொடாமலே பார்த்தார்.

"தம்பி, கதவைச் சாத்தும்."

சாத்தினேன்.

"வெள்ளைக்காரன்ர அவசரகாலத்தில, கம்யூனிஸ்ட்காரரைத் தேடித் திரிஞ்ச நேரம், நான் வேறொரு அச்சகத்தில இருந்தனான். இந்தாளின்ர படம் ஒண்டு எழுத்துக் கோக்கிற பெடியன்ர மேசை லாச்சியில இருந்தது. போலீஸ்காரங்கள் அவனைக் கொண்டு போனவங்கள். திரும்பி வரேக்க அவனுக்குத் தலை நரைச்சுப் போச்சு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப அதே முகத்தை ஆயிரக்கணக்கில அடிக்கச் சொல்லுறாங்கள், அதுவும் அரசாங்கத் தரப்பு. காலம் மாறிட்டுதோ, ஆக்கள் மாறிட்டினமோ, எனக்கு விளங்கேல்லை. எழுத்தில குடுத்தால் அடிப்பம்."

எழுத்தில் கொடுத்தார்கள். கடிதத்தை அவர் இரும்பு அலமாரியில் பூட்டினார். நான் எடுத்த நெகட்டிவையும் தினமும் வேலை முடிந்ததும் வாங்கி அதிலேயே பூட்டுவார். அந்தப் படத்தை எடுக்க எனக்கு நான்கு தடவை ஆனது. மூன்று தடவை ஜெட் போனது.

அச்சு முடிந்த மறுநாள் அவர் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சேதத் தாளை எரிக்கும் பொறுப்பு என்னிடம். காலையிலிருந்து மழை. டிரம்மில் தண்ணீர் நின்றது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், புகைதான் வந்தது. அந்த நேரம் பார்த்து மாரிமுத்து அண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நல்ல மொத்தத் தாளா இருக்கே தம்பி. மழைக்கு நமத்துப் போகாது. இதையா கொளுத்தப் போற? பாவம் லா."

"தேர்தல் தாள் அண்ணே. கொடுக்கக் கூடாது."

"யாரு தேர்தல்? எதிர்க்கட்சியா?"

"இல்ல, அரசாங்கத் தரப்புதான்."

"அப்புறம் என்ன பயம்? கவர்மென்ட் தாளுல கடலை சுத்துனா கவர்மென்ட் கோவிச்சுக்குமா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருபத்து நாலு வயது. படித்தவன் என்ற எண்ணம் வேறு. முழுத் தாள் கூம்புக்குப் பெரிது. அதனால் வெட்டு மெஷினில் கட்டுக்கட்டாக வைத்து, நடுவில் ஒரே வெட்டு. கத்தி இரண்டு பேருக்கும் நடுவே இறங்கியது. அச்சகத்தின் பேர், விலாச வரி வலப்பக்க அடியில், பிரதமர் பாதியில் இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. அடியிலிருந்து பார்க்கச் சொல்லி ஐந்து வருஷம் கற்றுக்கொடுத்திருந்தார்கள், அன்று நான் எந்தப் பக்கமிருந்தும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மாரிமுத்து அண்ணன் மனைவி ராசம்மா அக்கா அச்சக வாசலுக்கு ஓடி வந்தார். செருப்பு இல்லை.

"தம்பி, நேத்து சாயங்காலம் எஸ்பிளனேட்ல வெச்சு இவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சிவில் ட்ரெஸ் போட்ட போலீஸ். கடலை வாங்கித் தின்னுட்டுத்தான் கூப்பிட்டாங்களாம். காகிதத்தைக் காட்டி, இந்தப் படத்தை யாரு பரப்பச் சொன்னாங்கன்னு கேக்குறாங்களாம். இவருக்கு அது யாருன்னே தெரியாது தம்பி! ஏதோ சீனத் தாத்தான்னு நெனச்சிருக்காரு. நீல ஐ.சி. வர நேரத்துல..." அதற்கு மேல் பேச முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் எனக்கு மாரிமுத்து அண்ணன் நினைவு வரவில்லை. அப்பாவின் நினைவுதான் வந்தது. மகன் படித்த வேலையில் இருக்கிறான் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். நான் தாளைக் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. சும்மா இருந்தால் தெரியாது. ஒரு கால்மணி நேரம் நான் சும்மாதான் இருந்தேன். நெகட்டிவில் தூசி இல்லாத இடத்திலெல்லாம் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆர் வெட்டினது?"

"நான்தான் சார்."

"நடுவாலயோ?"

"ஆமா சார்."

"எங்கட வரி எந்தப் பாதியில?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப அந்தாளின்ர கையில இருக்கிறது தகப்பன் இல்லாத தாள். சரி. உட்கார்ந்து எழுதும். நீர் வெட்டினீர் எண்டு எழுதும். மழை எண்டு எழுதும். எத்தினை மணி எண்டு எழுதும். அரசியல் ஒரு சொல்லும் எழுதாதையும். உம்மட மூளைக்கு இப்ப அது வேண்டாம்."

சுவரொட்டி வேலைக்கான கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். இரும்பு அளவுகோலையும் பையில் வைத்தார். அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. இருவரும் போலீஸ் நிலையத்துக்கு நடந்தோம், ராசம்மா அக்காவும் பின்னாலேயே வந்தார். வழியில் சுவர்தோறும் அந்தச் சுவரொட்டி. முழுசாக, மழையில் நனைந்து பளபளவென்று. எந்தப் போலீஸ்காரரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், பொறுமையாகப் பேசினார். மேசைமேல் எண்ணெய் படிந்த பத்துப் பன்னிரண்டு கூம்புகளைப் பிரித்து வரிசையாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே முகம். மூலையில் ஒரு பெஞ்சில் மாரிமுத்து அண்ணன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இரவெல்லாம் தூங்கவில்லை என்று தெரிந்தது.

கடிதத்தையும் என் வாக்குமூலத்தையும் இன்ஸ்பெக்டர் படித்தார். "சுவரொட்டி எனக்கும் தெரியும். அதில் இரண்டு பேர். இங்கே ஏன் ஒருத்தர் மட்டும்? தாளைக் கண்டபடி எடுத்துச் சுருட்டினால் பாதியில் ஒருத்தர், பாதியில் இன்னொருத்தர் என்று கலந்து வர வேண்டும். இவன் தட்டில் நம் பிரதமர் ஒன்றுகூட இல்லை. பொறுக்கி எடுத்து இவரை மட்டும் ஊருக்குக் கொடுத்திருக்கிறான். ஏன்?"

மேனேஜரே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெஞ்சுப் பக்கம் திரும்பிக் கேட்டேன்:

"அண்ணே, மத்த பாதி எங்க?"

"வீட்டுல இருக்கு தம்பி."

"ஏண்ணே?"

அவர் இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "அது பிரதமர் முகம் இல்லையா? அதுல போய் எண்ணெய்க் கடலையைச் சுத்துவாங்களா? தின்னுட்டுக் கசக்கி சாக்கடையில போடுவானுங்க, மிதிப்பானுங்க. நீல ஐ.சி. கேட்டு எழுதிப்போட்டுட்டு அப்படிச் செய்யலாமா? தனியா எடுத்து பிஸ்கட் டின்னுல வெச்சிருக்கேன். இவரு யாருன்னு தெரியல, அதான் இவருலயே சுத்துனேன்."

நான் அதை மலாயில் எடுத்துச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஒரு போலீஸ்காரரை ராசம்மா அக்காவோடு அனுப்பினார். அவர்கள் திரும்பி வரும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றும் தெரியாது. தலைக்கு மேல் ஒரு ஜெட் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பழக்கத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

டின் வந்தது. உள்ளே பிரதமர் பாதிகள், மடிப்பில்லாமல், மேலே கற்பூரம் வைத்து. மிஸ்டர் தில்லையம்பலம் எழுந்தார். ஒரு எண்ணெய்ப் பாதியை இடப்பக்கமும் டின்னிலிருந்து ஒன்றை வலப்பக்கமும் வைத்து, அளவுகோலை அடியில் கொடுத்து நேராக்கி, மெல்ல நெருக்கினார். கைகள் சேர்ந்தன. கத்தி இருவர் கையையும் ஆளுக்கு ஆள் சரியாகப் பிரிக்கவில்லை; பீக்கிங் தலைவரின் நான்கு விரல்கள் நம் பிரதமரின் பாதியிலேயே தங்கியிருந்தன. இப்போது அவை போய்த் தம் கையில் ஒட்டிக்கொண்டன. மேனேஜர் வலப்பக்க அடியில் விரலை வைத்தார். "எங்கள் பேர், எங்கள் விலாசம். வழக்கு என்றால் எங்கள் மேல் போடுங்கள்."

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்த வரியைப் படித்தார். "பாதியாக இருந்தால் எனக்கு வேலை. முழுசாக இருந்தால் என் வேலை இல்லை" என்றார். எல்லாத் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு பாதியை மட்டும் மாரிமுத்து அண்ணன் கேட்டார், பிரதமர் பாதி. இன்ஸ்பெக்டர் யோசித்துவிட்டுக் கொடுத்தார். நாங்கள் போகும்முன் மாரிமுத்து அண்ணனின் ஐ.சி. எண்ணை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டார். அந்தப் பேனாச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மூன்று மாதம் சேதத் தாளை அவரே எரித்தார். அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியாது.

தேர்தலில் அந்தச் சுவரொட்டிக்காரர்கள் ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் வியட்நாமில் சைகோன் கம்யூனிஸ்ட்கள் கையில் விழுந்தது. அதற்குச் சில வாரம் கழித்து மாரிமுத்து அண்ணனுக்குக் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, காரணம் இல்லை. அச்சகத்துக்குக் கொண்டுவந்து என்னிடம் படிக்கச் சொன்னார். நான் இரண்டு தடவை படித்தேன், வேறு மாதிரி வருமா என்று.

"கடலை சுத்துனதாலயா தம்பி?"

"தெரியல அண்ணே. இப்ப எல்லாரும் பயந்து போயிருக்காங்க. வியட்நாம் போயிடுச்சு, அடுத்து யாருன்னு..."

"வியட்நாம் எங்க இருக்கு, என் கடலைத்தட்டு எங்க இருக்கு?" என்றார். கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். படித்தவன் நான் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

எழுபத்தெட்டுத் தேர்தலில் பொதுக்கூட்டத்துக்கே தடை. காட்டில் இருப்பவர்கள் புகுந்துவிடுவார்கள், பாதுகாப்பில்லை என்றார்கள். மைதானத்தில் பேச முடியாததால் எல்லாரும் தாளில் பேசினார்கள். எங்களுக்கு இரட்டை வேலை. கைகுலுக்கும் படம் யாரும் கேட்கவில்லை. பழைய தட்டை எடுத்து நானே மணல் போட்டுத் தேய்த்துப் படத்தை அழித்து வேறு வேலைக்குக் கொடுத்தேன். ஒருவர் மட்டும், கடலில் ஆட்கள் நிறைந்த படகை வரைந்து, 'இது நமக்கும் வர வேண்டுமா' என்று கேட்கும் சுவரொட்டி வேண்டும் என்று வந்தார். வியட்நாம் அகதிகள் கிழக்குக் கரையில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். "எழுத்தில தாரும்" என்றார் மேனேஜர். கேட்டு வந்தவர் திரும்பி வரவில்லை.

மாரிமுத்து அண்ணன் மறுபடி விண்ணப்பித்தார். படிவத்தில் ஒரு கேள்வி: போலீஸ் விசாரணைக்கு உட்பட்டதுண்டா? இல்லை என்று எழுதச் சொல்லி ராசம்மா அக்கா என் கையைப் பிடித்தார். பொய் பிடிபட்டால் எல்லாம் போச்சு. உண்மை எழுதினாலும் போகலாம். மூன்று நாள் வைத்திருந்து, 'உண்டு' என்று எழுதி, என் வாக்குமூலத்தின் நகலை இணைத்தேன். வெட்டியவன் நான் என்ற அந்தக் காகிதம் அதற்குப் பிறகு அவர் விண்ணப்பித்த ஒவ்வொரு தடவையும் போனது.

அதற்குள் அவருக்கும் என் பழக்கம் தொற்றிவிட்டது. பள்ளிப் பரீட்சைத் தாளானாலும் சரி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் கூம்பு சுற்ற மாட்டார். வாடிக்கைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். "இரு லா, இரு" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் நீல ஐ.சி. வந்தது. ஏன் அப்போது வந்தது என்று யாரும் சொல்லவில்லை, முன்பு ஏன் வரவில்லை என்று சொல்லாதது போலவே. அடுத்த வருஷம் எல்லைக் காட்டில் இருந்தவர்களும் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அதன்பின் வந்த தொண்ணூறாம் வருஷத் தேர்தலில் அவர் முதல் தடவையாக ஓட்டுப் போடப் போனார். நானும் கூடப் போனேன். வெள்ளைச் சட்டை, விபூதி, சட்டைப்பையில் நீல ஐ.சி. பள்ளிக்கூட வகுப்பறைக்குள் நுழைந்தவர் வெளியே வரவே இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கதவோரத்தில் நின்ற அதிகாரி எட்டிப் பார்த்தார். யாராவது பேரைக் கேட்டுக் கோப்பைப் புரட்டுகிறார்களோ?

கடைசியில் வந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"என்னண்ணே, ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. தாளைக் குடுத்தாங்க. முன்னாடி பார்த்தேன், பின்னாடி பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினார். "யாரு முகமும் இல்ல. அப்புறம்தான் போட்டேன்."